அணு உலை மாப்பிள்ளை

ஜப்பானில் நிலம் ஆடி, கடல் எழும்பி ஊருக்குள் புகுந்த வெள்ளிக்கிழமையன்றுதான் செக்காலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்காவின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்தது. வைகாசியில் கல்யாணம். நான் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருஷம். யார் எதைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்கம் சொல்லிவிடும் வயசு. அந்தக் குணம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் பெண் மாப்பிள்ளை பேரைவிட அந்தப் பேருக்குக் கீழே வரும் வரிதான் முக்கியம். என்ன படிப்பு, என்ன வேலை, எந்த ஊரில். பத்திரிகை கையில் கிடைத்ததும் ஜனங்களின் கண் நேரே அங்கேதான் போகும். எங்கள் மாப்பிள்ளைக்குக் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை. காளையார்கோவில் பையன். நிச்சயதார்த்தத்தின்போதே கல்லல் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பிரஸ்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

"வெறுமனே கவர்மெண்ட் வேலைன்னு போட்டுராதப்பா. தாலுகா ஆபீஸுல தண்ணி மோந்து வைக்கிற ஆளுன்னு நெனச்சுருவாக. அணுமின் நிலையம்னு முழுசாப் போடு. பெருசாப் போடு."

அந்த அணுமின் நிலையத்துக்குள்ளே மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ரெண்டு படுக்கையறை வைத்த குவார்ட்டர்ஸ், சொந்த ஆஸ்பத்திரி, சொந்தப் பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே கரண்டே போகாதாம். இது ஒன்றுதான் அம்மாவை விழத்தட்டியது. அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அந்த வருஷம் தினமும் மணிக்கணக்காகக் கரண்டு போகும். போனதும் தெருவே எங்கள் வாசலைத்தான் பார்க்கும். கரண்டு போகாத ஊருக்கு ஒரு மகளையாவது அனுப்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் வைராக்கியம்.

சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் அதைக் காட்டினார்கள். கடலோரத்தில் சதுரமாக ஒரு கட்டடம். சும்மா நின்றது. திடீரென்று புகையைக் கக்கிக்கொண்டு உடைந்தது. மறுபடியும் சும்மா நின்றது, மறுபடியும் உடைந்தது. கீழே சிவப்புப் பட்டையில் 'அணு உலையில் வெடிவிபத்து' என்று ஓடியது. அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏங்க, நம்ம மாப்பிள்ளை வேலை பாக்குறது..."

அதோடு கரண்டு போய்விட்டது.

அடுத்த ரெண்டு மணி நேரம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஜப்பானில் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாததால் அந்தக் கட்டடம் அம்மாவின் மனசுக்குள் விடாமல் வெடித்துக்கொண்டே இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

"அம்மா, உலை பூகம்பம் வந்ததுமே நின்னுருச்சு. ஆனா நின்ன பிறகும் உள்ளே சூடு இருக்கும். அடுப்பை அணைச்ச பிறகும் குக்கருக்குள்ளே கொதிக்குதுல்ல, அந்த மாதிரி. அதைக் குளிர வைக்கத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணியை ஓட்டுற மோட்டாருக்குக் கரண்டு இல்லாமப் போயிருச்சு. அதுதான் கதை."

"கரண்டு தயாரிக்கிற எடத்துல கரண்டு இல்லையா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. உலகத்தில் அவர் மட்டும் தனியாக இல்லை.

அம்மா வேறு முடிவுக்கு வந்திருந்தார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் பரணில் ஏறியது. ஒரு வாரம் சோற்றை வடித்துத்தான் சாப்பிட்டோம்.

கரண்டு வந்த கையோடு கல்லலிலிருந்து போன். அம்மா எடுப்பதற்குள் நான் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏத்தா, டி.வி. பாத்தியா? உலை வெடிச்சுருச்சாம்ல?" மாமா போனிலேயே கத்தினார்.

"மாமா, வெடிச்சது உலை இல்ல. அதுக்கு மேலே கட்டின கட்டடம். உள்ளே ஹைட்ரஜன் சேந்து..."

"ஹைட்ரஜன் குண்டா!"

"இல்ல மாமா, வாயு..."

மாமா போனை வைத்துவிட்டார். ராத்திரிக்குள் கல்லல் முழுக்க என்ன சேதி பரவியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை இன்னொரு கட்டடம் வெடித்தது. அன்றைக்குத்தான் எதிர்வீட்டு ஆச்சியின் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஆச்சிக்கு ஐம்பது வயசிருக்கும். ரெண்டு மகன்களும் சிங்கப்பூரில். உலகச் செய்தி எதுவும் எங்கள் தெருவுக்கு ஆச்சி வழியாகத்தான் வரும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"இந்தா, இதைப் படிச்சுச் சொல்லு. எல்லாம் இங்கிலீஷுல இருக்கு."

கதிர்வீச்சு காற்றோடு ஆசியா முழுக்க வருகிறதாம். இருபத்துநாலு மணி நேரம் வெளியே போகக் கூடாதாம். மழை பெய்தால் ஒரு சொட்டுகூட மேலே படக் கூடாதாம். கழுத்தில் அயோடின் மருந்தைத் தடவிக்கொள்ள வேண்டுமாம். காயம் பட்டால் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்தக் காப்பி நிற மருந்து.

"பங்குனி வெயில்ல காரைக்குடியில மழையாம் ஆச்சி!" என்று சிரித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் தெரு பிழைத்திருக்கும். "இது யாரோ கிளப்பிவிட்ட புரளி. ஆனா ஒரு விஷயம், கழுத்துல தைராய்டுன்னு ஒண்ணு இருக்கு. அது அயோடினை உறிஞ்சி வச்சுக்கும். அதனாலதான் ஜப்பான்ல உலைக்குப் பக்கத்துல இருக்கவங்களுக்கு முன்கூட்டியே அயோடின் மாத்திரை..."

ஆச்சி அதற்குமேல் கேட்கவில்லை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பினால், தெருமுனை மருந்துக் கடையில் அந்த மருந்து தீர்ந்துவிட்டது. ஆச்சி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தாடையிலிருந்து தாலிச் சங்கிலி வரை காப்பி நிறம்.

"ஆச்சி! என்ன இது?"

"நீதானடி சொன்னே, தைராய்டு உறிஞ்சும்னு."

"மாத்திரை ஆச்சி, உள்ளுக்குச் சாப்பிடுறது. தடவுறது இல்ல."

"அந்த மாத்திரை இங்க கெடைக்குமா?"

"கெடைக்காது. தேவையும் இல்ல. ஜப்பான் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்!"

"கெடைக்காதுல்ல? அப்ப கெடைக்கிறதைத்தான் தடவணும்." ஆச்சி கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். ஒங்க வீட்டு மாப்பிள்ளை இருக்கிறது உலைக்குள்ளயே ஆச்சே. அவுக என்னத்தைத் தடவுறாகளாம்?"

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தேன். ஆனால் ரெண்டே நாளில் ஊரே அந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறது என்று புரிந்துவிட்டது. அத்தை ஒருத்தி போனில், "நிச்சயம்தானே ஆயிருக்கு?" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்து, "உலைக்காரருக்கா அண்ணே பொண்ணைக் குடுக்குறீக?" என்றார். அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர், "அங்கே வேலை பாக்குறவக இருட்டுல மின்னுவாகளாமே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா தலையை நிமிர்த்தாமல், "நல்லதுதானே டீச்சர், கரண்டு பில் மிச்சம்" என்றாளாம்.

வெளியே இப்படிப் பேசிவிட்டு வருபவள் வீட்டில் வாயே திறப்பதில்லை. பரீட்சைத் தாளை விரித்துவைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். அந்த வாரம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு நீளவில்லை.

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கும்போது கேட்டேன். "என்னக்கா சொன்னாரு? அவங்க உலை என்ன மாதிரியாம்? ஜப்பான்ல இருக்கிற மாதிரியா, வேறயா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரு."

"அவ்வளவுதானா! நீ ஒண்ணும் கேக்கலையா? நான் எழுதித் தரவா? பதினாலு கேள்வி வச்சிருக்கேன்."

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்டி. அதைப் போன்ல கேக்க முடியாது. மொகத்தைப் பாத்துத்தான் கேக்கணும்." துணியை என் தோளில் வீசிவிட்டு இறங்கிப் போனாள். என்ன கேள்வி என்று என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

புதன்கிழமை மாமா கல்லலிலிருந்து வந்தார். கையில் நாலைந்து நாள் பேப்பர். உட்கார்ந்ததும் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"மச்சான், பத்திரிகையை நிறுத்தச் சொல்லி பிரஸ்ஸுல சொல்லிட்டுத்தான் வாரேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். மாமா நிறுத்து என்றால் நின்றதுதான்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீக? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே" என்றார் அம்மா.

"சொல்லியாச்சுன்னா? தெரிஞ்சே பிள்ளையைக் கொண்டுபோயி உலையில போடச் சொல்றியா? நான் கல்யாணம் வேணாம்னு சொல்லல. பையன் தங்கமான பையன். வேலையை விட்டுட்டு வரட்டும். கல்லல்ல ரெண்டு மோட்டாரு ஓடுது, தோப்பு கெடக்கு. நான் பாத்துக்கிறேன். விடமாட்டேன்னா பொண்ணு இல்ல."

அம்மா ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். "பத்திரிகையில அணுவை எடுத்துட்டு, மத்திய அரசுப் பணின்னு மட்டும் போட்டுருவோம்ணே. ஊரு வாயாவது அடங்கும்."

"எழுத்தை எடுத்தா உலை போயிருமா?"

இந்த இடத்தில்தான் அறிவியல் மாமாவைக் காப்பாற்றும் என்று நான் குதித்தேன். "மாமா, நீங்க பயப்படுற மாதிரி இல்ல. கதிர்வீச்சு வர்ற பொருள் எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கு. தானாவே குறைஞ்சுரும். இப்ப சீசியம்னு ஒண்ணு எடுத்துக்கிட்டா, முப்பது வருஷத்துல பாதி போயிரும்."

மாமா மெல்லத் திரும்பினார். "முப்பது வருஷம் கழிச்சு?"

"பாதி."

"மிச்சப் பாதி?"

"அதுல பாதி இன்னொரு முப்பது வருஷத்துல..."

"அறுபது வருஷம் கழிச்சும் கால்வாசி இருக்குமா!" மாமா எழுந்தே விட்டார். "கேட்டீகளா மச்சான்? ஒங்க மகளே சொல்றா!"

அடுக்களை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சிவப்புச் சுழி இருந்தது. அன்றைக்கு முழுக்க நான் பேசவில்லை. என் வாழ்நாள் சாதனை அது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குத் துணி எடுக்க மாப்பிள்ளை வருவதாக ஏற்கெனவே பேச்சு. வரட்டும், நேரில் சொல்லிவிடுகிறேன் என்று மாமா காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை ஒல்லி. கண்ணாடி. யாரையும் அவசரப்படுத்தாத மாதிரி நடப்பார். கையில் செய்தித்தாளில் சுற்றின ஒரு பெரிய பொட்டலம். நிச்சயதார்த்தத்தில் மாமா வாய்விட்டுக் கேட்டிருந்தார், 'ஒங்க கடலோரத்து நெத்திலிக் கருவாடு பிரமாதமா இருக்குமாமே' என்று. அதை ஞாபகம் வைத்துக் கொண்டுவந்திருந்தார் மனுஷன்.

அம்மா வாசலிலேயே பதறினார். "அது இங்குட்டு வேணாம் தம்பி. பின்கட்டுல துவைக்கிற கல்லு மேல வச்சுருங்க."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டு, தானே கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா பின்னாலேயே போய்ப் பொட்டலத்தின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்ததை ஜன்னல் வழியாக அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சற்று நேரத்தில் ஆச்சி வீட்டுப் பூனை கல்லில் ஏறிப் பொட்டலத்தை முகர்ந்தது. மாமா ஓடிப்போய் விரட்டினார். "ச்சூ! போ! வாயில்லாச் சீவன், தெரியாமத் தின்னு செத்துறப் போகுது."

பூனைக்குப் பின்னாலேயே ஆச்சியும் வந்து சேர்ந்தார், கருவேப்பிலை வாங்க. கழுத்தில் காப்பி நிறம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. கருவேப்பிலையைக் கையில் வாங்கிக்கொண்டு, போகாமல் அப்படியே கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையைப் பிளாஸ்டிக் நாற்காலியில், மேஜை மின்விசிறிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்திருந்தது. காற்று அவரிடமிருந்து எங்கள் பக்கம் வராதபடி. அது அம்மாவின் ஏற்பாடு.

மாமா தொண்டையைச் செருமினார். "தம்பி, ஒளிவுமறைவு இல்லாமக் கேக்குறேன். அங்க ஒங்களுக்கு என்ன வேலை?"

"கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு மாமா. எங்கெங்க எவ்வளவு இருக்குன்னு அளக்குறது. யாரு உள்ளே போகலாம், எத்தனை நிமிஷம் நிக்கலாம்னு சொல்றது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக நான் தெருத்தெருவாகப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த விஷயத்தை இவர் தொழிலாகவே செய்கிறார்! என் பதினாலு கேள்வியும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அக்கா உள்ளேயிருந்து இருமினாள். விழுங்கிக்கொண்டேன்.

"சரி. வேலை முடிஞ்சு, போட்ட சட்டையோட அப்படியே வீட்டுக்கு வந்துருவீகளா?"

"அது எப்படி மாமா? உள்ளே போகும்போதே நம்ம சட்டை, செருப்பு எல்லாத்தையும் வெளியவே கழட்டி வச்சுரணும். அவுக குடுக்கிற துணிதான். திரும்பி வரும்போது ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு அங்குட்டு போட்டது எதுவும் இங்குட்டு வரக் கூடாது."

மாமா நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப்போட்டார். "துணியை?"

"அங்கயே துவைப்பாக. வீட்டுக்கு வரவே வராது."

"கைகாலு?"

"கழுவிட்டு ஒரு மெஷின்ல கையையும் காலையும் வச்சுப் பாக்கணும். அது சரின்னு சொன்னாத்தான் கதவு தொறக்கும். இல்லேன்னா குளிச்சுட்டு வந்து மறுபடியும் வைக்கணும்."

"தலைக்கா, மேலுக்கா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மாமா அந்தக் கேள்வியை அவ்வளவு அக்கறையாகக் கேட்டார்.

"முடியில ஒட்டியிருந்தா தலைக்கும் ஊத்தணும் மாமா. மெஷின் கதவைத் தொறக்கிற வரைக்கும் ஊத்தணும்."

மாமா முதுகைச் சாய்த்தார். முகத்தில் என்னவோ இளகியது. இதை நான் சொல்லியாக வேண்டும். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய்வந்தால் மாமாவைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. பின்கட்டில் நின்றுகொண்டு குரல் கொடுப்பார். குளித்து, துணியை நனைத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் நிலைப்படியைத் தொடுவார். சின்ன வயசில் தெரியாமல் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டதற்கு என்னையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டார்.

"அப்ப நம்ம துட்டிக்குப் போய்ட்டு வந்து குளிக்கிற மாதிரின்னு சொல்லுங்க."

"ஏறக்குறைய அதேதான். நாங்க மெஷினை வச்சுப் பாக்குறோம்."

"எத்தனை நாளுக்கு இருக்கும், இந்த... இது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பது வருஷம் என்று சொல்லிவிடாதீர்கள், ஐயா.

"பொருளைப் பொறுத்து மாமா. சிலது ரொம்ப வருஷம் நிக்கும். அதை எல்லாம் வெளியவே விடாமப் பூட்டித்தான் வைக்கணும். சிலது எட்டு நாள்ல பாதியாயிரும்."

"எட்டு நாளா!" மாமா அப்பாவைப் பார்த்தார். "நம்ம தீட்டுக்கே பதினாறு நாளு மச்சான்!"

அப்பா முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை. பிறகு யாரும் அடக்கவில்லை. ஒரு வாரம் நான் கரடியாகக் கத்தியும் ஏறாதது, ஒரு குளியலில் ஏறிவிட்டது. பொறாமையாக இருந்தது. பரவாயில்லை, ரசித்தேன்.

கதவோரம் நின்ற ஆச்சி சந்தர்ப்பத்தை விடவில்லை. அம்மா ஒரு வாரமாகக் கேட்கத் துடித்து, வாய் வராமல் வைத்திருந்ததை அவர் கேட்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீக. அங்க குடியிருக்கவகளுக்குப் பிள்ளைகுட்டி எல்லாம்...?"

"எங்க குவார்ட்டர்ஸ்ல பகல்ல தூங்க முடியாது ஆச்சி. அம்புட்டுப் பிள்ளைக. எல்லாம் கிரிக்கெட்டு. என் ஜன்னல் கண்ணாடி மூணு தடவை ஒடைஞ்சிருச்சு."

அம்மா எழுந்து போய், யாரும் சொல்லாமலே, மின்விசிறியைத் திருப்பி வைத்தார். போகிற வழியில் பின்கட்டுக்கும் போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்தார். அன்றைக்கு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு என்று மணமே சொன்னது. மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கடைசி உறுதி கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. ஜப்பான்ல நடந்த மாதிரி இங்க நடக்கவே நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. அப்படிச் சொல்றவனை நீங்க நம்பவும் கூடாது. நடந்துரக் கூடாதுன்னுதான் தெனமும் அளக்குறோம்."

சிரிப்பு நின்றது. குழம்புக் கரண்டியோடு எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் மறுபடி வாடியது. மாமா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். தோப்பையும் மோட்டாரையும் பற்றிய பேச்சை இப்போது எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் அக்கா வந்தாள். காப்பித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். தட்டு இல்லாமல் வந்து, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நேரே நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள். அவரைத்தான் பார்த்துச் சொன்னாள். "டி.வி.யில காட்டுறாக. எல்லாரையும் வெளியேத்திட்டு, கொஞ்சப் பேரு மட்டும் உள்ளே நின்னு தண்ணி பீச்சுறாக. அவுக பேருகூட யாருக்கும் தெரியலையாம். ஒங்க எடத்துல அப்படி ஒண்ணு நடந்தா, நீங்க வெளியே வர்ற ஆளா, உள்ளே நிக்கிற ஆளா?"

பதினாலு கேள்வியில் எனக்கு இது தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. அவரால் எங்களுக்கு என்ன ஆகும் என்றுதான் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் அவளையே பார்த்துச் சொன்னார்.

"உள்ளே நிக்கிற ஆளு. அளக்க ஆள் இல்லேன்னா, உள்ளே இருக்கவகளுக்கு எங்க நிக்கலாம், எங்க நிக்கக் கூடாதுன்னு தெரியாமப் போயிரும்."

ஆச்சி கையிலிருந்த கருவேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டார். அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, ஆனால் குரல் வகுப்பறையில் பேசுகிற மாதிரிதான் இருந்தது.

"சரி. அப்ப எனக்கு ஒரு போன் பண்ணிட்டுத்தான் போகணும்."

"உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது" என்றார் அவர், யோசிக்காமல்.

"உள்ளே போறதுக்கு முன்னாடி!" என்றாள் அக்கா. "வெளியவே கழட்டி வைப்பீகளே சட்டை செருப்பெல்லாம், அதுக்கும் முன்னாடி."

"பண்ணுறேன்."

"மாமா, எனக்கு இவுகதான்" என்று அக்கா சொன்னது மாமாவிடம். "வேலையை எல்லாம் விட வேணாம்."

மாமா நிஜமாகவே திணறிப்போயிருந்தார். பிறகு மூக்கை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து அதட்டினார். "மாப்ளைக்கு எலையைப் போடாம என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா இல்லையா?"

"நீங்கதானண்ணே நிறுத்தச் சொன்னீக!"

"நான் எப்பச் சொன்னேன்?"

அப்பா விட்டத்தைப் பார்த்தார். காலையிலிருந்து 'தம்பி'யாக இருந்தவர் 'மாப்ள'யாகிவிட்டதை அக்காவும் கவனித்திருந்தாள். அலமாரியிலிருந்து புரூஃபை எடுத்துத் தரையில் விரித்தாள். அம்மா பென்சிலால் அணுவின் மேல் லேசாகக் கோடு போட்டுவைத்திருந்தார். அதை அழித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினாள்: 'கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு, அணுமின் நிலையம்'. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "இவ்வளவு வேணாமே" என்றார். "ஒங்களை யாரும் கேக்கல" என்றாள்.

சாப்பிட்ட கையோடு நான் சைக்கிளில் பிரஸ்ஸுக்குப் பறந்தேன். பிரஸ்காரருக்கு முன்கட்டு பிரஸ், பின்கட்டு வீடு. ஞாயிறு மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏத்தா, டி.வி. எல்லாம் பாக்குறீகளா இல்லையா? ஊரே பயந்து கெடக்கு. இதைப் போயி நீட்டிப் போடச் சொல்றீகளே?"

அயோடின், சீசியம், ஹைட்ரஜன் எல்லாம் தொண்டைக்குள் வரிசைகட்டி நின்றன. "போடுங்கண்ணே" என்றேன்.

"போட்டா ஒரு வரியில அடங்காது. எடம் வேணும். எதைச் சின்னதாக்க?"

"தாய்மாமன் பேரை."

அவருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. "ஒங்க மாமா பேரையா? போன மாசம் எழுதிக் குடுக்கும்போதே எழுத்துப் பெருசா வேணும்னு ரெண்டு தடவை வந்து சண்டை போட்டாரு. ஏம் பொழப்பைக் கெடுக்காதத்தா."

"அவருதான் சொல்லிவிட்டாரு."

நம்பவில்லை. கல்லாப்பெட்டி மேல் கிடந்த செல்லை எடுத்து மாமாவுக்கே போட்டார். ரெண்டு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமாவுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஆமாப்பா, நான்தான் சொன்னேன்! எம் பேருல என்ன இருக்கு, ஊருக்கே தெரியும். மாப்ள என்ன வேலை பாக்குறாருன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியல. அதைப் பெருசாப் போடு!"